எண்பதுக்கும் நூற்றுக்கும் இடையில்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிள் வாங்குவதென்றால் எஞ்சினைப் பார்த்துத்தான் வாங்குவார் என்றொரு நம்பிக்கை படித்தவர்களிடம்கூட இருக்கிறது. மிகுந்த மனவருத்தத்துடன் இதை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தொழிலில் நின்ற காலம் முழுவதிலும் எங்கள் கடையில் எஞ்சினைக் குனிந்து பார்த்தவர்கள் மூன்று பேர். ஒருவருக்குச் செருப்பு வார் அறுந்திருந்தது. மற்றவருடைய மூக்குக்கண்ணாடி கீழே விழுந்திருந்தது. மூன்றாமவர் எங்கள் மெக்கானிக்.

துணிக்கடையிலும் வானொலிக்கடையிலும் நின்று கால் கடுத்த சக பாவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

படம் போட்ட புத்தகம்

ஜப்பானிலே ஒரு கொம்பனி மூன்று மோட்டார் சைக்கிள்களைச் செய்தது. எஞ்சினின் அளவை வைத்து எண்பது, தொண்ணூறு, நூறு என்று பெயர். கொழும்பில் இருந்த எங்கள் தலைமைக் கந்தோர் அவற்றை இறக்கியது. மூன்றுக்கும் சேர்த்து ஒரு வண்ணப் புத்தகம் அச்சடித்தார்கள். எண்பதுக்குப் பெரிய கரியர். பக்கத்தில் மேற்சட்டையில்லாத விவசாயி. தொண்ணூறுக்கு நீளமான சீற். அதில் கணவன், மனைவி, நடுவில் குழந்தை. நூற்றுக்குப் பளபளக்கும் பெற்றோல் தாங்கி. அதன்மேல் கை வைத்தபடி கழுத்துப்பட்டி கட்டிய உத்தியோகத்தர். உள்ளே வருபவரின் தொழிலைக் கேள், உரிய மொடலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்து, ஒரு மொடலின் ஆள் அடுத்த மொடலுக்குத் தாவ விடாதே: இதுதான் கொழும்பிலிருந்த விற்பனை முகாமையாளரின் சித்தாந்தம்.

எங்கள் மெக்கானிக் செபமாலை அண்ணை குருநகர்க்காரர். மூன்றாவதும் வந்திறங்கிய அன்றே மூன்றையும் கழற்றிப் பார்த்தார். சட்டம் ஒன்று, சில்லு ஒன்று, பிறேக் ஒன்று. எஞ்சினில் மட்டும் ஒரு நூல் வித்தியாசம். நான் புத்தகத்தை எடுத்து, இவை மூன்று வேறு சமூகத்தினருக்கான மூன்று வேறு வாகனங்கள் என்று அவருக்கு விளக்கினேன். கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"மூண்டும் ஒரு வயித்துப் பிள்ளையள், தம்பி. பள்ளிக்கூடத்திலை பேர் பதியேக்கைதான் வேறை வேறை ஆளாகினவை."

எட்டுப் பேர் வரிசையில்

நான் முதலில் தலைமைக் கந்தோரில்தான் இருந்தேன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பை விட்டுக் காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்திறங்கியவர்களில் நானும் என் மனைவியும் அடக்கம். இருவருக்கும் சேர்த்து ஒரு சூட்கேஸ். அதில் பாதி என் புத்தகங்கள் என்பதை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. கொம்பனி பெருந்தன்மையோடு யாழ்ப்பாணக் கிளையை என்னிடம் தந்தது.

அடுத்த வருடம் சித்திரையில் ஒரு கடிதம் வந்தது. எண்பதும் நூறும் போகின்றன. தொண்ணூறு மட்டும் எட்டு அப்படியே நிற்கின்றன. குடும்பஸ்தர்கள் நிறைந்த ஊரில் குடும்ப மொடல் விலைப்படவில்லையென்றால் பிழை மொடலில் இல்லை, கிளையில்தான். ஆவணி முடிவதற்குள் எட்டும் போகாவிட்டால் கிளையை மூடி, என்னைத் திரும்பவும் கொழும்புக்கே எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் இதை ஒரு சலுகையாகவே எழுதியிருந்தார்கள். அடுப்படியில் நின்று மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அகப்பையைக் கீழே வைக்கவில்லை.

"நான் வவுனியா தாண்டமாட்டன். நீங்கள் போறதெண்டால் உந்த எட்டிலை ஒண்டை எடுத்து ஓடிக்கொண்டு போங்கோ. ஒண்டாவது குறையும்."

சட்டையில்லாத மனிதர்

மருதனார்மடத்திலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, தோளில் சால்வை. என்ன தொழில் என்று கேட்டேன். தோட்டம், வெங்காயம் என்றார். சித்தாந்தப்படி எண்பதுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, கரியரின் வலிமையைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். அவர் புத்தகத்தை வாங்கி, படத்தில் நின்ற விவசாயியை நெடுநேரம் பார்த்தார். பிறகு அவ்வளவு நேரம் என்னையும் பார்த்தார்.

வந்த ஆளைக் கோபப்படுத்திவிட்டேன் என்று விளங்கியது. உடனே தொண்ணூறுக்கு மாறி, அம்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போக வசதி என்றேன். குடும்பம் வாடகைக் காரில் வரும், நான் முன்னால் போவேன் என்று சொல்லிவிட்டு நேரே நூற்றில் ஏறி உட்கார்ந்தார். வெங்காயம் எதில் ஏற்றுவீர்கள் என்று நான் கேட்டிருக்கக் கூடாது.

"வெங்காயம் ஏத்த லொறி வரும். உதிலை நிக்கிறவன் மேலுக்கு ஒண்டும் இல்லாமல் நிக்கிறான். நானும் தோட்டத்துக்கை அப்பிடித்தான் நிப்பன். அதுக்கு கலியாண வீட்டு வாசலிலையும் அப்பிடிப் போய் இறங்கச் சொல்லுறீரோ?"

நிற்காத நூறு

அடுத்தவர் ஒரு பாடசாலை அதிபர். கழுத்துப்பட்டியோடு, நூற்றின் படத்திலிருந்து இறங்கி வந்தவர்போல நுழைந்தார். புத்தகத்தின் மீது எனக்கு மறுபடி நம்பிக்கை வந்தது. நூற்றின் முன்னால் நிறுத்தினேன். தாங்கியைத் தடவினார். அதில் தன் முகத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கதைத்தார். பெடியள் என்றால் அந்த நாளில் துப்பாக்கி தூக்கிய இயக்கப் பையன்கள்.

"வடிவுதான் தம்பி. ஆனால் வடிவானதைத்தான் பெடியள் அவசரத்துக்கெண்டு கேட்டு வருவாங்கள். ஒரு கிழமையிலை தாறம் ஐயா எண்டுதான் கொண்டுபோவாங்கள். எனக்கு ஓடவும் வேணும், என்ரை வீட்டிலை நிக்கவும் வேணும். நூறு ஓடும், நிக்காது."

அவர் எண்பதின் கரியரைத் தட்டிப் பார்த்தார். விவசாயியின் மொடலை ஒரு அதிபர் வாங்குவதா என்று எனக்கே வருத்தமாக இருந்தது. எங்கள் தொழிலில் வருத்தம் எப்போதும் கையிருப்பின் பக்கம்தான் சாயும். நடுவில் தொண்ணூறு இருக்கிறதே ஐயா, தன்மையான வாகனம் என்றேன். அவர் அந்தச் சீற்றின் நீளத்தைச் சாணால் அளந்து பார்த்தார்.

"நான் கலியாணம் கட்டாதவன் எண்டு ஊருக்கெல்லாம் தெரியும். ஐம்பத்திரண்டு வயதிலை உவ்வளவு நீளச் சீற்றோடை வீட்டை போனால், பின்னுக்கு இருக்கப் போறது ஆர் எண்டு கேக்க மாட்டினமோ?"

ஒரு அந்தர்

வைகாசியும் போயிற்று. எட்டும் நின்றன. ஒருநாள் மயிலிட்டியிலிருந்து ஒரு கடற்றொழிலாளியும் மனைவியும் வந்தார்கள். கணவன், மனைவி! குழந்தை மட்டும்தான் குறை. அதுவும் வீட்டில் இருக்கிறதாம். இதைவிடப் பொருத்தமான இருவரைக் கொழும்பு தானே வரைந்து அனுப்பியிருந்தாலும் முடியாது. தொண்ணூறைத் துடைத்து வெயிலில் நிறுத்தினேன். மனைவி ஏறியிருந்து பார்த்துச் சிரித்தார். கணவன் சிரிக்கவில்லை. என்னைக் கராஜ் பக்கம் தனியே கூட்டிக்கொண்டு போனார். "அண்ணை, இடம் இருந்தால் மனிசி ஏறும். ஏறினால் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொண்டும் பூசை முடிய மாமி வீடு. எனக்கு மீன்பெட்டி வைக்கிற எண்பதைத் தாங்கோ" என்றார்.

நான் என்ன செய்ய முடியும்? திரும்பி வந்து, மீன்பெட்டிக்கு எண்பதுதான் உகந்தது, அதன் கரியர் ஒரு அந்தர், அதாவது ஐம்பது கிலோ, பாரம் தாங்கும் என்று அந்த அம்மாவுக்குக் கேட்கச் சொன்னேன். எண்பது வெளியே வந்ததும் அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரியரில் ஏறி உட்கார்ந்தார்.

"ஒரு அந்தர் தாங்குமெண்டு இந்த அண்ணைதானே சொன்னவர். நான் ஒரு அந்தர் வரமாட்டன். எடப்பா, மாமி வீட்டுப் பக்கமாய் விடு."

மூன்று அங்குலம்

ஆனி பிறந்தது. மட்டுவிலிலிருந்து சின்னத்தம்பியர் என்றொருவர் மூத்த மருமகனோடு வந்தார். ஆண்பிள்ளை இல்லாத வீடு, மூன்று பெண்கள். மூத்த மருமகன் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். அவருக்குச் சீதனத்தோடு கொடுத்தது எங்கள் எண்பது. அந்த நாளில் அது ஒன்றுதான் கடையில் இருந்தது. இப்போது இரண்டாவது மகளுக்கு றோட்டு ஓவசியர் மாப்பிள்ளை பொருந்தியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் நூறு கேட்கிறார்கள். சின்னவருக்கு நூறு வந்தால் கன்னிக்கால் நாட்ட நான் வரமாட்டேன் என்று மனேச்சர் சொல்லிவிட்டார். மூத்த மருமகன் இல்லாமல் அந்த வீட்டில் பந்தல் எழும்பாது. சின்னத்தம்பியருக்கு அன்றைக்குப் புழுக்கம் எல்லாருக்கும் இருந்ததைவிட அதிகமாக இருந்தது.

நான் தொண்ணூறைக் காட்டினேன். "நூறு எடுத்தால் பெடியள் கேட்டு வருவாங்கள் எண்டு சொல்லுங்கோ ஐயா. மாப்பிள்ளை பகுதி ஓமெண்ணும்" என்றேன். சின்னத்தம்பியரின் முகம் கொஞ்சம் தெளிந்தது. மனேச்சர் மட்டும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலிருந்த அளவு அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அந்தப் பக்கத்தைப் படித்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

"சீற் மூண்டு அங்குலம் கூட. எனக்கு ஏன் மாமா மூண்டு அங்குலம் குறைஞ்சது?"

"அப்ப உது வரேல்லை, தம்பி."

"வரேல்லையெண்டால் வரும்வரைக்கும் பாத்திருக்கலாம். கலியாணத்தைத்தானே அவசரப்படுத்தினீங்கள்."

சின்னத்தம்பியர் வரிசையில் நின்ற எட்டுத் தொண்ணூறையும் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். அவை எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே நீளம், ஒரே சீற். சந்தையில் சோடி மாடு பார்ப்பவர்போல இரண்டின்மேல் கை வைத்தார். ஒன்று ஓவசியருக்கு, மற்றது மனேச்சருக்கு. மனேச்சரின் பழைய எண்பதில் இனித் தான் ஓடுவதாகச் சொன்னார். மனேச்சர் இரண்டு சீற்றையும் முழம் போட்டுப் பார்த்தார். பிறகு, கன்னிக்காலுக்கு எத்தனை மணிக்கு நேரம் வைத்திருக்கிறது என்று மாமனாரைக் கேட்டார். புறப்படும்போது சின்னத்தம்பியர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நூறை நிப்பாட்டினாலும் பரவாயில்லை தம்பி, தொண்ணூறை நிப்பாட்டிப் போடாதையுங்கோ. கடைசிக்குப் பதினாலு வயது."

தகப்பன்மார்

அதன் பிறகு நடந்ததற்கும் என் திறமைக்கும் தொடர்பில்லை. அந்தக் கலியாண வீட்டு வாசலில் ஒரே மாதிரி இரண்டு தொண்ணூறு பக்கத்தில் பக்கத்தில் நின்றதை ஊர் பார்த்தது. பந்தியில் இருந்தவர்களில் பெண் பெற்றவர்கள் பலர். ஆடி கழிந்ததும் தென்மராட்சியிலிருந்தும் வலிகாமத்திலிருந்தும் வயதானவர்கள் வரத் தொடங்கினார்கள். எவருக்கும் மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாது. ஒருவரும் விலை குறைக்கச் சொல்லவில்லை. நூற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. தொண்ணூறுக்கு முன்னால் நின்று எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி.

"இதே மாதிரி, மயிரிழையும் கூடாமல் குறையாமல், இன்னுமொண்டு இருக்கோ?"

பதவி உயர்வு

ஆவணி இருபதாம் திகதி எட்டாவது தொண்ணூறும் போயிற்று. வாங்கியவர் யார் என்று கொழும்பு அனுப்பிய படிவத்தில் எட்டு வரியிலும் 'குடும்பஸ்தர்' என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. விற்பனை முகாமையாளர் ட்ரங்க் கோலில் என்னைப் பிடித்து, குடும்ப மொடல் கடைசியில் தன் குடும்பங்களைக் கண்டுபிடித்துவிட்டது என்று தழுதழுத்தார். அடுத்த கிழமை கடிதம் வந்தது. எனக்குப் பதவி உயர்வு. மற்றக் கிளைகளுக்கு இந்த வித்தையைப் படிப்பிக்க நான் உடனே தலைமைக் கந்தோருக்கு வந்து சேர வேண்டும். இந்த முறையும் அடுப்படியில் நின்றுதான் வாசித்தேன். இந்த முறை அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"விக்காட்டிலும் கொழும்பு, வித்தாலும் கொழும்பு. அப்ப என்னத்துக்கப்பா நாலு மாதமாய்ச் சாப்பிடாமல் திரிஞ்சனீங்கள்?"

அன்று பின்னேரமே பதில் எழுதினேன். தொண்ணூறை வாங்குபவர்கள் பெண் பெற்ற தகப்பன்மார். குடாநாட்டில் மணமாகாத பெண்கள் உள்ள வீடுகள் இன்னும் ஏராளம். அந்தத் தகப்பன்மாருக்கு என் முகம்தான் பழக்கம். இந்த நேரத்தில் ஆளை மாற்றினால் மொடல் நின்றுவிடும் என்று, என்னால் இயன்ற அளவு துக்கத்தோடு விளக்கினேன். இடமாற்றத்தை ரத்துச் செய்து இரண்டு வரியில் பதில் வந்தது. மூன்றாவது வரியில், குடாநாட்டில் மணமாகாத பெண்கள் எத்தனை பேர் என்று ஊர் ஊராக விசாரித்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்பும்படி கேட்டிருந்தார்கள்.

இரண்டாவது அறிக்கை தபாலில் சேர்வதற்குள் நாலு தகப்பன்மார் மகள்மாரின் சாதகக் குறிப்புகளோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.