மூங்கில் வளையம் போட்ட சனி

நேற்றைய தாளில் சனிக்கோளின் படம் போட்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்குப் பச்சை மூங்கில் வாசம் வந்துவிட்டது. தாளில் ஏது மூங்கில் என்று கேட்காதீர்கள். என் மூக்கு அப்படித்தான்.

வெள்ளைக்காரன் காலம். சின்னமனூரில் ஒரு பருத்திக் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். எங்கோ கிடைத்த வானநூல் ஒன்றை அரைகுறையாகப் படித்துவிட்டு, ஊருக்கே கிரகங்களைக் காட்டிவிடுவது என்று கிளம்பினேன். பொங்கலுக்கு மறுநாள், பொழுது சாய்ந்ததும், சந்தைத் திடலில் ஆட்டம். நடுவில் பெட்ரோமாக்ஸ் விளக்கு, அதுதான் சூரியன். சிநேகிதர்களே கிரகங்கள். எங்களுக்குள் நிதானமானவன் சின்னச்சாமி. மூங்கிலைப் பிளந்து, வளைத்து, அவன் இடுப்பில் கட்டிச் சனியாக்கினேன்.

அவன் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“ஏலே, ஒனக்கு வேற ஆளே கெடைக்கலயா? குச்சனூர்ல இருந்து பொண்ணு வீட்டுக்காரக வந்து இங்கன ஒக்காந்திருக்காக. இன்னைக்குத்தான் முடிவு சொல்றோம்னாக. எம் மகனைப் போயிச் சனின்னு நிப்பாட்டுறியே.”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்குள் கிரகங்கள் ஓடத் தொடங்கிவிட்டன. புதன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு விளக்கையே சுற்றிச் சுற்றி இளைக்கிறான். செவ்வாய் பூமியின் காலை மிதித்துவிட்டு வசவு வாங்குகிறது. சின்னச்சாமி மட்டும் கடைசி வட்டத்தில், வளையம் அலுங்காமல், அடிமேல் அடி வைக்கிறான்.

“அந்தாளு ஏம்ப்பா நகரவே மாட்டேங்கிறாரு?” என்று கூட்டத்தில் ஒரு குரல்.

“புதன் சூரியனுக்குப் பக்கத்துல இருக்கு, மூணு மாசத்துல ஒரு சுத்து. சனி ரொம்பத் தூரம், ஒரு சுத்துக்கு முப்பது வருசம் ஆகும்” என்றேன்.

பெண்ணின் அப்பா எழுந்தார். சின்னச்சாமியின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

“பயப்படாதீக தாயி, சனி எங்க ஊருச் சாமி” என்றார் அவர். “அந்தப் புதன் மாதிரி மாப்பிள்ளைதான் எனக்கு வேணாம்; எப்ப எங்கன இருப்பாருன்னே தெரியாது. ஒரு சுத்துக்கு முப்பது வருசம்னா, எம் மகளுக்கு நரை விழுகுற வரைக்கும் இவரு தெருவத் தாண்ட மாட்டாரு. வெத்தல பாக்கு மாத்திருவோம்.”

“அப்ப ஓடுனவனுக்கு ஒரு காப்பியாச்சும் வாங்கிக் குடுங்கப்பா” என்றான் புதன், மூச்சிரைக்க.

திடலே சிரித்தது. அந்த விளக்கடியிலேயே தாம்பூலம் மாற்றினார்கள்.

அன்றிலிருந்து அவன் ஊருக்கே ‘சனி மாப்பிள்ளை’ ஆனான். கடைத்தெருவில் யார் அப்படிக் கூப்பிட்டாலும் ஆற அமரத் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, “என்னப்பா?” என்பான். அவன் போய்ச் சேர்ந்து பல வருசம் ஆயிற்று. இன்று அதே தெருவில் யாரையாவது அப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள், அடிக்க வருவார்கள்.