பெஞ்சைத் தட்டச் சொன்ன டீச்சர்

இந்தப் பூமியில் இதுவரை பிறந்த வாத்தியார்கள் எல்லோரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் ரோகிணி டீச்சரை மட்டும் உட்கார வைத்தால், டீச்சரின் தட்டு எங்கள் ஊர் நாச்சாரத்தைத் துளைத்துக்கொண்டு போய் அமெரிக்காவில் எட்டிப் பார்க்கும். எடையைச் சொல்லவில்லை. தொல்லையைச் சொல்கிறேன்.

எங்களுக்குப் பயாலஜி எடுக்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலி. உப்பலிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே வகுப்புக்குள் நுழைந்து திட்ட ஆரம்பிப்பார். பாடம் இங்கிலீஷில், திட்டு தெலுங்கில். எனக்கு மட்டும் தமிழில். வகுப்பில் நான் ஒருவன்தான் தமிழ்ப் பையன் என்பதால் அந்தச் சலுகை. தெலுங்கில் பதில் சொன்னால், "வீட்ல பேசுத மாதிரி பேசுல" என்பார்.

பத்தாம் வகுப்பு தொடங்கியதும் என் தொண்டை உடைந்தது. பாடம் வாசித்தால் பாதி வரி அப்பா குரலிலும் மீதி வரி ஆட்டுக்குட்டி குரலிலும் வந்தது. பக்கத்து பெஞ்ச் ஹர்ஷா 'மே' என்று கத்தினான். வகுப்பே சிரித்தது. மறுநாள் டீச்சர் புதுச் சட்டம் போட்டார்: அட்டெண்டன்ஸுக்கு இனி யாரும் வாய் திறக்க வேண்டாம், பெஞ்சைத் தட்டினால் போதும். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தண்டோரா போட்டிருந்தால்கூட அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

அன்றோடு பள்ளிக்கு ஒரு கும்பிடு. தினமும் காலையில் பள்ளிக்குப் போவதுபோல் பையோடு கிளம்பி, ஒரு ஷெட்டில் பிளாஸ்டிக் வாளிகளுக்குக் கைப்பிடி மாட்டப் போனேன்.

டீச்சர் விடவில்லை. அப்பாவுக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். அப்பா பூபாலனுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அந்த இரைச்சலில் மணி கேட்காது. அவர் வீட்டுக்கு வந்ததும் மிஸ்டு கால்களை எல்லாம் நான் அழித்துவிடுவேன். ஒருமுறை அவர் எடுத்துவிட்டால் என் கதை முடிந்தது. அதனால் ஒரு காலை, அப்பா குளிக்கப் போனதும், அவர் போனிலிருந்து அவர் குரலிலேயே அழைத்தேன்.

"மேடம், சீனு அப்பா பேசுறேன். அவனுக்குப் படிப்பு நக்கோ, வேணாம். வேலைக்கு அனுப்பிட்டேன். இனிமே போன் பண்ணாதீங்க."

"அப்படியா சார்? ஒண்ணே ஒண்ணு சொல்லிருதேன். உங்க மவன் சரியான சேட்டைக்காரன். ஆனா ஹர்ஷா அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, தன் டிபன்ல பாதிய அவன்கிட்ட தள்ளிவிட்டது யாருன்னு எனக்குத் தெரியும். இந்த வயசுல பயலுவளுக்குக் குரல் ஒரு பக்கம், கோவம் ஒரு பக்கம் ஓடும். எல்லாரையும் தட்டச் சொன்னா இவன் தனியா நிக்க வேண்டாமேன்னு நெனச்சேன். அதுவே அவனுக்குச் சுட்டுட்டு. தப்பு என் மேலதான். மன்னிச்சுக்கிடச் சொல்லுங்க."

டீச்சர் மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. "பரவால்ல மேடம்" என்றேன். 'பரவால்ல' வரை அப்பா. 'மேடம்' முழுக்க ஆட்டுக்குட்டி.

பிறகு, "பூபாலன் சார், உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தெட்டு."

"இப்பந்தான் தொண்டை உடையுதோ?"

நான் குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஏல சீனு, நாளைக்கு வருவியா, மாட்டியா? வாயத் தொறக்க வேண்டாம். வருவேன்னா தட்டு."

குளியலறைத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. மேசையை விரலால் மெதுவாகத் தட்டினேன்.

"கேக்கலல. பலமா."