நெற்றி வெள்ளைக் கிடா

நரிக்குடிப் பக்கம் ஆடு மேய்க்கும் ராஜபாண்டிக்கு நாக்கை அடக்கத் தெரியாது. மகள் அமுதவள்ளி காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, "கருப்பா, எம்புள்ளையக் காப்பாத்து. என் கருப்பாடு போடுற முதல் கிடாக்குட்டி ஒனக்குத்தேன். பொட்டு வெள்ளை இல்லாமத் தாரேன்" என்று வேண்டிவிட்டான். குட்டியின் நிறம் என்னவோ இவன் கையில் இருப்பதுபோல!

மகள் பிழைத்தாள். ஆடும் ஈன்றது. தாயும் கருப்பு, சேர்ந்த கிடாவும் கருப்பு. குட்டிக்கு மட்டும் நெற்றி நிறைய வெள்ளை.

கொடுத்த மகளைச் சாமி திருப்பிக் கேட்டுவிட்டால்? ராஜபாண்டி சவரக் கத்தியை எடுத்தான். கருப்பாக முளைக்காதா என்று வெள்ளையைச் சிரைத்துவிட்டான். வெள்ளையாகவே முளைத்தது. மறுபடியும் சிரைத்தான். அதே வெள்ளை.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அமுதவள்ளிக்குச் சிரிப்பு வந்தது.

"முடி முளைக்கிறது மைட்டாசிஸ்ப்பா. ஒரு செல்லு ரெண்டாப் பிரிஞ்சாலும் உள்ளது உள்ளபடியேதான் இருக்கும். வெள்ளைக்கு வெள்ளைதேன்."

"அப்பக் கருப்புக்குக் கருப்புதான தாயி பொறக்கணும்?"

"அது மியாசிஸ். ஆத்தாகிட்ட இருந்து பாதி, கிடாகிட்ட இருந்து பாதி. அந்தப் பாதியும் கலைஞ்சு கலைஞ்சு வரும். உள்ளுக்குள்ள ஒளிஞ்சு கெடந்த வெள்ளை இப்ப வெளிய வந்திருக்கு."

ராஜபாண்டி தலையைச் சொறிந்தான். ஒரே உடம்பில் ஒன்று அச்சு மாறாமல் வருகிறதாம், இன்னொன்று இஷ்டத்துக்கு வருகிறதாம். இதில் சாமிக்கு என்ன வேலை என்று அவனுக்கு விளங்கவேயில்லை.

கருப்பன் கோயிலில் மாசிக் களரித் திருவிழா வந்தது. வேறு வழியின்றி வெள்ளை நெற்றியோடுதான் கிடாவைக் கோயிலுக்கு இழுத்துப் போனான். தலையில் தண்ணீர் தெளித்தால் கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். அதுதான் சாமியின் சம்மதம். பூசாரி தெளித்தார். கிடா அசையவில்லை. ராஜபாண்டி மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இரண்டாம் முறை தெளித்ததும் கிடா தலையிலிருந்து வால்வரை சிலுப்பியது. பெண்கள் குலவையிட்டார்கள். அவன் அழுதே விட்டான்.

வீட்டுக்கு வந்து பட்டியைத் திறந்தால், மறுபடி சினையாக இருந்த கருப்பாடு ஈன்றிருந்தது. அதே தாய், முன்பு சேர்ந்த அதே கருப்புக் கிடாவோடு சேர்ந்தது. குட்டியும் கிடாதான். புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பொட்டு வெள்ளை இல்லை.

"ஏத்தா அமுதா," என்றான். "சாமி அதை ஏத்துக்கிருச்சா, இல்ல இதைக் கேக்குதா?"