ஓரத்தில் நிற்பவளுக்கு ஒரு கேமரா

அத்தான் இறந்த பிறகு எந்தக் குடும்பப் படத்திலும் என் அக்கா முழுதாக விழுந்ததில்லை. விசேஷ வீட்டில் எல்லோரும் வரிசை கட்டும்போது, யாரும் சொல்லாமலே ஓரத்துக்குப் போய்விடுவாள். ஆல்பம் போடுகிறவர் அளவுக்காக ஓரத்தை வெட்டுவார். அக்காவின் பாதித் தோள்தான் மிஞ்சும். பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது.

அவள் மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம் நிச்சயமானபோது, பனோரமா எடுக்கும் ஃபிலிம் கேமரா ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்தேன். அந்த நீளப் படத்தில் எவன் கத்திரி வைக்கிறான், பார்ப்போம். ராஜபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு போனில் தேடினேன். பேர்போன கேமராக்களின் விலையைக் கேட்டால் மயக்கம் வந்தது. கைக்கு எட்டியவை இரண்டு. ஒன்று ஆறுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நெகட்டிவ் தருவது. பழசு, ஆனால் நம்பலாம். இன்னொன்று ஆறுக்குப் பதினேழு. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பிளாஸ்டிக்கில் உடம்பு செய்து, பழைய லென்ஸைப் பூட்டி விற்றது.

"எதுக்கு இந்தக் கூத்து? ஊரே செல்போன்லதான எடுக்கு" என்றாள் என் மனைவி.

செல்போனைச் சுழற்றி எடுத்தால் ஆட்களுக்குக் கை ஒடிந்து வருகிறது. எனக்கு அகலம்தான் வேண்டும். பதினேழையே வாங்கினேன். ஒரு ரோலுக்கு நாலே படம். சோதித்துப் பார்க்க ஒரு ரோலை வீணாக்க மனசு வரவில்லை.

மடவார் வளாகத்துக் கோயிலில் கல்யாணம். புருஷன் இல்லாதவள் தாரை வார்க்கக் கூடாது என்று, தாய்மாமனான நானும் என் மனைவியும் மணையில் உட்கார்ந்தோம். பெற்றவள் தூணோரம் நின்றாள். முடிந்ததும் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, ஸ்டாண்டில் கேமராவை வைத்தேன்.

"அக்கா, மக பக்கத்துல வந்து நில்லு."

"நல்ல நாள் அதுவுமா பேசாம எடுலே. நான் இங்கனயே நிக்கேன்."

கேமராவின் மேல் தனியாக மாட்டியிருந்த வியூஃபைண்டரில் அவள் கடைசி ஆளாக, முழுசாகத் தெரிந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஃபிலிம் கழுவி, பிரிண்ட் போட்டு வந்தபோது நாலு படத்திலும் இரண்டு ஓரமும் கறுத்துக் கிடந்தன. அக்காவின் சேலைத் தலைப்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. விற்றவருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"அந்த லென்ஸோட வெளிச்சம் அவ்வளவு அகலத்துக்கு எட்டாதுங்க. மலையும் வானமும் எடுக்கறவங்க இதைக் கண்டுக்கறதில்லைங்க" என்றார்.

பன்னிரண்டை வாங்கிக்கொண்டு நாலடி பின்னால் போயிருந்தால் அவள் முகம் விழுந்திருக்கும். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

சேத்தூரில் அவள் வீட்டுக்குப் போய்ப் பிரிண்டைக் கொடுத்தேன்.

"மக தெளிவா இருக்கா" என்று நடுவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இருட்டுல போயிட்டியேக்கா" என்றேன்.

அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவிய இருந்திருந்தா நானும் நடுவுல நின்னிருப்பேம்லே, தம்பி."