மயில் சீல் விழாத கை

நான் மூன்றாம் வகுப்பில் படித்த ஆண்டு இன்னதென்று அடித்துச் சொல்ல என்னிடம் சான்று எதுவும் இல்லை. அறுபதுகளின் நடுப்பகுதி. மாதத்தை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்: ஆவணி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நாவல்பழம் முடிந்துபோயிருந்தது. பனியன் கம்பெனிகளில் தீபாவளி வேலை தொடங்கிவிட்டதால் அம்மா வீடு திரும்பும்போது விளக்கு வைத்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்து வருவது ஆவணியில்தான்.

அந்த மாதம் எங்கள் வகுப்புக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பிரம்பு கொண்டுவரவில்லை. பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு மரச் சீலும் ஊதா மைப்பெட்டியும் கொண்டுவந்தார். ஏதோ மூடிப்போன கம்பெனியின் சீல் அது. மயில் படம், தோகை பாதி தேய்ந்திருக்கும். வாரம் முழுக்க ஒழுங்காக இருந்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை கடைசி மணியில் இடது புறங்கையில் ஒரு மயில் குத்துவார். பார்ப்பதற்கு அழகாக இருக்கும் என்று நினைத்துத்தான் வாங்கியிருக்கிறார்.

எங்கள் ஊரில் அந்தச் சீலுக்கு வேறு பொருள் இருந்தது. தைத்து முடிந்த பனியனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இல்லாத பனியனுக்குத்தான் கம்பெனி சீல் விழும். மற்றது செகண்ட்ஸ். சீல் இல்லாமல் தனிக் குவியலாகக் கிடந்து, எடைக்குப் போகும். எங்கள் வகுப்பில் இது தெரியாத பிள்ளை கிடையாது. எனவே முதல் வெள்ளிக்கிழமையே, மயில் வாங்கிய கைகள் ஒரு கூட்டமாகவும் வாங்காதவை செகண்ட்ஸாகவும் பிரிந்துவிட்டன.

என்னால் சும்மா உட்கார முடியாது. கால் ஆடும், இல்லாவிட்டால் வாய் ஆடும். திங்கட்கிழமை காலையிலேயே என் வாரம் கெட்டுவிடும். கெட்ட பிறகு செவ்வாயும் புதனும் எதற்கு அடங்கியிருக்க வேண்டும்? எனக்குப் பின்னால் உட்கார்ந்தவன் மயில்காரன்.

"இவன எடைக்குத்தான்டா போடோணும்" என்பான். "ஒல்லியா இருக்கறான், கால் ரூவாகூடத் தேறாது."

அதற்காகக்கூட நான் பயப்படவில்லை. என் பயம் அம்மாவைப் பற்றியது. அம்மாவுக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. ஓட்டையான பனியனை ஒரு பார்வையில் கண்டுபிடித்து, மறுமுறை திரும்பிப் பார்க்காமல் ஒதுக்கி வீசுவதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

"ஏம்மா, செகண்ட்ஸெல்லாம் எங்க போகும்?" என்று ஒருநாள் சோறு தின்னும்போது கேட்டேன்.

"சந்தைக்குப் போகும் கண்ணு. எவனாச்சும் மூட்டையோட வாங்கீட்டுப் போயிருவான்."

அதற்குப் பிறகு தலை சீவிவிட அவள் என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பும்போதெல்லாம் கண்ணை இறுக்க மூடிக்கொள்வேன். வெள்ளிக்கிழமைகளில் இடது கை டிரவுசர் பையை விட்டு வெளியே வராது.

ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் என்னைத் தாண்டிப் போனதும் பின்னாலிருந்து குரல் கேட்டது. இந்த முறை டீச்சர் காதிலும் விழுந்துவிட்டது.

"யாரு? என்ன சொன்னே?"

"செகண்ட்ஸுன்னு சொன்னானுங்க டீச்சர்" என்று அவனுக்குப் பக்கத்திலிருந்தவன் போட்டுக்கொடுத்தான்.

"அப்படின்னா என்ன?"

வகுப்பே எழுந்து நின்று பதில் சொன்னது. "ஓட்டை பனியனுங்க!" "சீல் குத்த மாட்டாங்க டீச்சர்!" "எங்க அப்புச்சி அதத்தான் வாங்கிப் போட்டுக்குவாருங்க!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. டீச்சர் சிரிக்கவில்லை. என்னிடம் குனிந்து, "நீயும் அப்படித்தான் நெனைக்கியா?" என்றார்.

"எங்கம்மா செக்கிங்குங்க டீச்சர்" என்றேன். அவர் சீலைத் துடைத்து மேசைக்குள் வைத்தார்.

அதோடு மயில் போய்விட்டது என்றுதான் நினைத்தோம். ஆனால் திங்கட்கிழமை சீலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். தாமதமாக வந்தவளுக்கு நகர்ந்து இடம் விட்ட ஒரு பெண்ணுக்கு, அந்த இடத்திலேயே ஒரு மயில். பல்பத்தை உடைத்துப் பாதி கொடுத்தவனுக்கு ஒன்று. பிறகு என்னிடம் வந்தார்.

"வாரமெல்லாம் வேண்டாம். நான் இந்தக் கணக்கை போர்டுல எழுதி முடிக்கிற வரைக்கும் கால் ஆடக் கூடாது. அவ்வளவுதான்."

இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டேன். பாதியில் சாக்பீஸ் உடைந்து உருண்டு போனது. அவர் அதைத் தேடி எடுத்து மறுபடி எழுதத் தொடங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. ஆனால் கால் ஆடவில்லை. மை ஜில்லென்று கையில் பட்டது.

"அடுத்த கணக்கு?" என்றார்.

மாலைக்குள் மயில்மேல் மயிலாக விழுந்து முழங்கை வரை வந்துவிட்டது. "ஏன்டா, உன்ர மயிலெல்லாம் ஒண்ணையொண்ணு கொத்திக்குதாட்டம்!" என்றான் பின்னாலிருந்தவன். சீல் விழாத கை அன்று வகுப்பில் இல்லை.

குழந்தைகளுக்குப் பரிசு சிறியதாகவும் உடனுக்குடனும் இருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் பல நூல்களில் படித்தேன். எட்டு வயதில் ஒரு வாரம் எவ்வளவு நீளம் என்று அவற்றில் யாரும் எழுதியதாக நினைவில்லை.

அன்று அம்மா வந்ததும் கையை நீட்டினேன்.

"இதென்ன சாமி, கை பூரா மசி?"

"சீலும்மா. டீச்சர் குத்துனாங்க."

"எதுக்கு?"

"சும்மா இருந்ததுக்கு."

"சும்மா இருந்ததுக்கா!" என்று சிரித்தாள். "நான் நாள் பூரா நின்னுட்டு வாறேன், எனக்கு ஒருத்தரும் குத்துலியே."

"அப்ப நான் செகண்ட்ஸ் இல்லீங்களாம்மா?"

சிரிப்பு நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் கேட்டு வாங்கினாள். பிறகு, "அடப் பைத்தியமே, செக்கிங்கெல்லாம் கம்பெனிச் சரக்குக்கு. ஊட்டுப் பையனுக்கு எதுக்குடா?" என்று இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

என் புறங்கையை நாக்கால் நனைத்து அவள் கையில் அழுத்தினேன். மயிலின் அலகும் ஒரு காலும் மங்கலாக ஒட்டின. அந்தக் கையோடுதான் சோறு ஆக்கினாள்.

காலையில் அந்தக் கையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணி தொடுகிற கையில் மை இருக்கக் கூடாது.

"அழிச்சுப்போட்டேன் கண்ணு. வேலைக்குப் போவோணுமல்ல?"

"பரவால்லீங்கம்மா. சாயங்காலம் புதுசு கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.