ரெஜினா டாக்டரின் கோபமும் பிள்ளைகளின் மூச்சும்

செய்தியைக் கொண்டுவந்தவர் லூர்து. பக்கத்துக் கடலோரக் கிராமமான தருவைகுளத்தில், கடலில் முங்கிச் சங்கு குளிக்கிறவர். பள்ளிக்கூட வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு என் வகுப்பு ஜன்னலோரம் வந்து நின்றார். "டீச்சர், டாக்டரம்மா போயிட்டாவ" என்றார். ஒரு குழந்தையைப் பார்த்து அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டாராம். பிள்ளைகளிடம் படித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். லூர்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

அழுகை அடங்கிய பிறகு கோபம் வந்தது. காரணம், இரங்கல் கூட்டம். மேடையில் ஏறிய பெரிய மனிதர்கள் எல்லாரும் ரெஜினா டாக்டரைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர் என்றார்கள். அவரை அறிந்த நீங்களே சொல்லுங்கள், யாரைப் பற்றிய பேச்சு இது? அவர் வாயில் வசவு வாங்காத ஒருவராவது அந்தக் கூட்டத்தில் உண்டா? எல்லாருக்கும் மேலாக உருகிப் பேசியவர் பஜாரில் மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலம். என் கணவருக்கு அங்கேதான் வேலை. மில்லர்புரத்தில் குடியிருந்தோம். என் மகள் பிறந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து விதவிதமாகச் சத்தம் போட்டாள். பன்றிக்குட்டி மாதிரி உறுமுவாள். எண்ணெய் போடாத கதவு மாதிரி கிறீச்சிடுவாள். திடீரென முகம் ரத்தமாய்ச் சிவக்க முக்குவாள். விக்குவாள், தும்முவாள், தொண்டையில் கரகரப்பாள். மூச்சு சற்று நின்றுவிட்டு மறுபடி வேகமாக வரும். ஒருநாள் உச்சி வெயிலில், பிள்ளையை நாலு துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ரெஜினா டாக்டர் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அழுதுகொண்டே சத்தங்களை ஒவ்வொன்றாகச் செய்துகாட்டினேன்.

"வாய மூடு. மொதல்ல சட்டையக் கழத்து" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. பிள்ளையின் துணிகளை அவரே உருவிப்போட்டார். ஸ்டெதஸ்கோப்பைக்கூட எடுக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தச் சின்ன நெஞ்சையே வெகுநேரம் பார்த்தார். பிறகுதான் குழாயை வைத்துக் கேட்டார். "நீ பெத்தது பிள்ளையா, பொம்மையா? பொம்மதாம்லா சத்தம் போடாது" என்றார். மூக்குத் துவாரம் ஊசிமுனை அளவு, அதிலே கொஞ்சம் சளி இருந்தாலும் உறுமத்தான் செய்யும் என்றார். பால் தொண்டையில் நின்று கரகரக்கும். வெளிக்குப் போக எப்படி முக்குவதென்று பிள்ளைக்கு இன்னும் பழகவில்லை, அதனால்தான் முகம் சிவக்கிறது. நடுவில் மூச்சு சற்று நின்று வருவதும் இந்த வயதில் உள்ளதுதான்.

"சத்தத்தக் கேட்டுப் பயப்படாத. கண்ணால பாரு. மூச்சு விடும்போதெல்லாம் முனங்குதா, நெஞ்சுக்கூடு உள்ள குழி விழுதா, மூக்கு விடைக்குதா, ஒதடு நீலம் பாய்ஞ்சிருக்கா, பால் குடிக்க மாட்டேங்குதா, மூச்சு நின்னு திரும்ப வரத் தாமதிக்குதா? இதுல ஒண்ணு இருந்தாலும் சோறு வடிக்காதே, சேல மாத்தாதே, ஓடி வா. இல்லையா, பிள்ளையக் கொஞ்சிக்கிட்டு வீட்ல இரு."

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினேன். சாயங்காலம் ஆஸ்பத்திரி ஆயா கையில் ஒரு பொட்டலம் மக்ரூன், நம் ஊர் முந்திரி இனிப்பு, வந்து சேர்ந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை. தான் வைதவர்களின் வீட்டுக்கெல்லாம் அவர் இப்படி மக்ரூன் அனுப்புவார் என்பது பிறகுதான் தெரிந்தது. பேக்கரிக்காரர் நன்றாகப் பிழைத்தார். நாங்கள் சிநேகிதிகளானது அப்படித்தான்.

நியாயமாகச் சொன்னால், வேண்டாத இடத்திலும் அவர் கத்துவார். பயந்து நடுங்கும் பெண்ணிடம் மெல்லப் பேசத் தெரியாது. நான் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். "மெதுவாச் சொல்லிப் பாத்துட்டேன் டீச்சர். மெதுவாச் சொன்னா தலைய ஆட்டிட்டு வீட்ல போயி மூக்குல எண்ண விடுதாவ" என்பார். அதுதான் அவருக்குத் தீராத பகை. குளிப்பாட்டும்போது பிள்ளையின் மூக்கில் எண்ணெய் விட்டு வாயால் ஊதுவது நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. அந்த எண்ணெய் நெஞ்சுக்குள் இறங்கிச் சளிக் காய்ச்சலாகி வந்த பிள்ளைகளை அவர்தானே பார்த்தார்? அதையே நிறம் சேர்த்துப் 'பிள்ளை மூச்சுத் தைலம்' என்று புட்டியில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார் நம் அண்ணாச்சி.

வாரம் ஒருநாள் ஆஸ்பத்திரி வண்டியில் அவர் தருவைகுளம் போவார். கோயில் முற்றத்தில் பெஞ்சு போட்டுப் பிள்ளைகளைப் பார்ப்பார். விடுமுறை என்றால் நானும் கூடப் போவேன். அன்றைக்கு வண்டி எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. கூட்டத்தில் லூர்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் பிள்ளை, ஆண். மடியில் வைத்துக்கொண்டு எல்லாரையும் அழைத்துக் காட்டினார்.

"கேளுங்க டாக்டரம்மா, நேத்திலருந்து இப்பிடித்தான். முங்கி எந்திச்சு வந்து நாங்க மூச்ச விடுவோம்லா, அதே சத்தம். எம்மவன் வயித்துக்குள்ளயே குளிச்சுப் பழகிட்டு வந்திருக்கான்!"

உண்மைதான். சங்கு குளிக்கிறவர்கள் நீருக்கு மேலே வந்ததும், அடக்கிய மூச்சை 'உம்' என்று ஒரு முனகலோடு விடுவார்கள். அந்தக் குழந்தையும் ஒவ்வொரு மூச்சுக்கும் 'உம்', 'உம்' என்றது. மற்ற ஊரில் பயந்திருப்பார்கள். இங்கே அப்பன் தொழில் மகனுக்கு வந்துவிட்டதென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரெஜினா டாக்டர் சிரிக்கவில்லை. பிள்ளையைப் பிடுங்கிச் சட்டையைக் கழற்றினார். விலாவுக்குக் கீழே, ஒவ்வொரு மூச்சுக்கும், ஒரு விரல் புதைகிற அளவுக்குக் குழி விழுந்தது.

"ஏலே முட்டாப்பயலே! ஒம்மவன் குளிக்கலல, மூச்சு கிடைக்காமத் தவிக்கான்!"

பக்கத்திலிருந்த ஒருத்தி, நல்ல எண்ணத்தில்தான், "ரெண்டு சொட்டு விட்டு ஊதிட்டுத் தூக்கிட்டுப் போங்கம்மா" என்று அண்ணாச்சி கடைத் தைலப்புட்டியை நீட்டினாள். டாக்டர் அதை வாங்கிச் சுவரில் அடித்து உடைத்தார். ஐஸ் இறக்க வந்த லாரி ஒன்று நின்றது. அதிலே ஏறி, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, டிரைவரையும் வைதுகொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். பிள்ளைக்கு நிமோனியா. ஆக்சிஜனும் ஊசியுமாக வெகுநாள் போராடிப் பிழைத்தான்.

பிள்ளை இன்னும் ஆக்சிஜனில் இருக்கும்போதே புகார் வந்தது. கோயில் வாசலில் ஊர்க்காரனைக் கேவலமாகப் பேசினார், பரம்பரை வழக்கத்தைப் பழித்தார், பொருளை உடைத்தார். முன்னால் நின்று கொண்டுவந்தவர் மருந்துக்கடை அண்ணாச்சி. அப்போது ஆஸ்பத்திரிக் கமிட்டியில் அவருக்குப் பெரிய இடம். லூர்துவையும் புகாரில் சேரச் சொன்னார்கள். "என்னயத்தான வஞ்சாவ, ஒங்களுக்கு எங்க வலிக்கி?" என்று கேட்டுவிட்டு லூர்து வார்டுக்குப் போய்விட்டார். கமிட்டி டாக்டரை மன்னிப்புக் கேட்கச் சொன்னது. "கேக்கேன். அந்தப் பிள்ள செத்திருந்தா நீங்க அவன் தாய்கிட்ட என்ன கேட்டிருப்பியன்னு மொதல்ல சொல்லுங்க" என்றார். கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. தருவைகுளத்துக்குப் போகும் வண்டியை நிறுத்தினார்கள். அவர் வேலையை விட்டுவிட்டுத் தன் வீட்டு முன்னறையில் கிளினிக் போட்டுக்கொண்டார்.

அடுத்த மழைக்காலத்தில் தருவைகுளத்தில் ஒரு பெண்குழந்தை இதே போல் முனகி முனகியே இறந்துபோனது. பார்க்க ஆள் இல்லை. அதற்கு யாரும் புகார் கொண்டுவரவில்லை. எந்தக் கமிட்டியும் கூடவில்லை. செய்தி கேட்ட அன்று ரெஜினா டாக்டர் யாரையும் வையவில்லை. கிளினிக்கைப் பூட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவரை நான் அமைதியாகப் பார்த்தது அந்த ஒரு நாள்தான். மேடையில் புகழ்ந்தார்களே, அந்த அமைதி இதுதான்.

கூட்டம் கலையும்போது அண்ணாச்சி என் பக்கத்தில் வந்தார். குரல் இறங்கியிருந்தது. "டீச்சர், எம் மவளுக்குப் பிள்ள பொறந்திருக்கு. ஓயாம முக்குதான். இந்நேரம் டாக்டரம்மா இருந்தா காட்டியிருப்பேன். இப்ப யார்கிட்ட போவ?" என்றார். வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன். அவர் செய்ததற்குப் பிள்ளை என்ன செய்யும்?

வீட்டில் அவர் மகள் அழுத முகத்தோடு இருந்தாள். குழந்தை தொப்பியும் சட்டையும் துணிச்சுற்றுமாகக் கிடந்து உறுமிக்கொண்டிருந்தது. "மொதல்ல சட்டையக் கழத்தும்மா" என்றேன். நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. குழி இல்லை. உதடு சிவப்பாக இருந்தது. பால் நன்றாகக் குடிக்கிறான் என்றாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகம் சிவக்க முக்கி, துணியிலேயே வெளிக்குப் போய்விட்டு நிம்மதியாகத் தூங்கினான். பயப்பட ஒன்றுமில்லை, மனசு கேட்காவிட்டால் நாளைக்குப் பெரியாஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிக்கொள் என்றேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பினால், அண்ணாச்சி கையில் அந்தப் புட்டி. மூடி திறந்திருந்தது.

"எதுக்கும் ரெண்டு சொட்டு..."

நான் முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில்கூட குரலை உயர்த்தாதவள். புட்டியைப் பிடுங்கி, பாத்திரம் கழுவும் அங்கணத்தில் கவிழ்த்தேன். "ஓய், ஒமக்கு அறிவிருக்கா? ஒம்ம பேரன்வே!" என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் மகள் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள், என்னிடமிருந்து அல்ல, அவரிடமிருந்து.

பொறுமை, அமைதி எல்லாவற்றையும் மேடையில் பேசியவர்கள் வைத்துக்கொள்ளட்டும். ரெஜினா டாக்டரின் கோபம் என்னிடம் இருக்கிறது. மறுநாள் பேக்கரியில் ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கி அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பினேன். அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.