பருத்திக் கொல்லைக்கு அடியில் கடல்

போன வாரம் கடல் பார்க்கப் போயிருந்தேன். அரியலூர் பக்கம்!

'அங்கே ஏது கடல்?' என்று சிரிக்காதீர்கள். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இருந்தது. தண்ணீர் போய்விட்டது... சிப்பிகள் மட்டும் கல்லாகிக் கிடக்கின்றன. செம்மண் ஓடையில் குனிந்தால் கையில் கிடைக்கும்.

திருச்சியிலிருந்து ஸ்கூட்டர், தொப்பி, ரெண்டு பாட்டில் தண்ணீர். துணைக்கு ஆள் கிடையாது. தனியாகச் சுற்றுவதில் ஒரு சுகம் — 'கிளம்பலாமா?' என்று யாரும் நச்சரிக்க மாட்டார்கள்.

ஒரு பருத்திக் கொல்லை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு ஓடையில் இறங்கினேன். சில சிப்பிகளைப் பொறுக்கி, படம் எடுத்து, இடத்தை போனில் குறித்துக்கொண்டு மேலே வந்தால்... வண்டியில் சாவி இல்லை! கொல்லையில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் இடுப்பில் இருந்தது.

சுற்றிலும் வேறு ஆளரவம் இல்லை. கழுத்துச் செயினைத் துப்பட்டாவுக்குள் தள்ளிக்கொண்டேன்.

"அக்கா, அது என் சாவிங்க."

"தரேன். எந்த ஆபீஸ்லேர்ந்து வரீங்க?"

"ஆபீஸெல்லாம் இல்லீங்க. சும்மா சுத்திப் பாக்க வந்தேன்."

"இந்த வெயில்லயா? ஒத்தப் பொம்பளையா? கல்லு பொறுக்கவா?"

கேட்க எனக்கே பொய் மாதிரிதான் இருந்தது.

"இப்புடித்தான் ஒருத்தரு வந்தாரு. கல்லு பொறுக்குனாரு. எங்க அண்ணன் வூட்டுல மோரு வாங்கிக் குடிச்சாரு. அவரும் சும்மா பாக்க வந்தேன்னுதான் சொன்னாரு. இன்னிக்கி அண்ணன் கொல்லை சிமெண்டு கம்பெனிக்காரன் வெட்டுன சுண்ணாம்புக்கல் பள்ளமா கெடக்கு. எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்."

பாவமாக இருந்தது. பயத்தைப் போக்கலாமே என்று சிப்பியைக் காட்டி உற்சாகமாக விளக்க ஆரம்பித்தேன்.

"பயப்படாதீங்கக்கா. இது சாதாரண சிப்பி. ஒரு காலத்துல இங்க கடல் இருந்துச்சு. இந்த மாதிரி சிப்பியெல்லாம் படிஞ்சு படிஞ்சுதான் சுண்ணாம்புக்கல்லே ஆகுது. உங்க கொல்லைக்கு அடியிலகூட..."

சட்டென்று நிறுத்தினேன். லேட்.

"அப்ப, அடியில இருக்குங்கறீங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். வேவு பார்க்க வந்தவள்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

"போன்ல இந்த எடத்தப் போட்டு வச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க..."

"அழிங்க. நான் பாக்கணும்."

அழித்தேன். சிப்பிகளையும் ஓடையிலேயே போடச் சொன்னார். போட்டேன். அதற்கப்புறம்தான் சாவி கைக்கு வந்தது. நான் ரோடு ஏறும்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னை நம்பினாரா? தெரியாது. நம்பாமல் இருப்பதுதான் அவருக்கு நல்லது.

நமக்கு அது இயற்கை, டூர், லீவு. ஒரே ஒரு கொல்லை வைத்திருப்பவருக்கோ, குனிந்து மண்ணைப் பார்க்கிற ஒவ்வொருவரும் அதை எடுத்துக்கொள்ள வந்தவர்தான். செயினை மறைத்துக்கொண்ட நான் அவரை எப்படிக் குறை சொல்வது?

எந்த ஊர், எந்த ஓடை என்று தயவுசெய்து கேட்டு எழுதாதீர்கள். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் சந்திக்கிறோம்தான்... ஆனால் நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று எனக்கு என்ன தெரியும்?